நிலத்தடிச் சுரங்கத்தைக் குறைந்த ஆற்றலில் குளிர்விப்பதும் சூடாக்குவதும்: முழுமையான வழிகாட்டி

தரையிலிருந்து சுரங்கத்துக்குள் செங்குத்தாக இறங்கும் கிணறு போன்ற ஷாஃப்ட் வழியாக இறங்கும் காற்றுக்கு யாரும் சூடு ஏற்ற வேண்டியதில்லை. இறங்க இறங்க, மேலே நிற்கும் காற்றின் எடை அதை அழுத்துகிறது. அழுத்தம் கூடினால் காற்று சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுமே, அதே காரணம்தான். உலர்ந்த ஷாஃப்டில் 1000 மீட்டருக்கு ஏறத்தாழ 9.8 டிகிரி ஏறும். தரைமட்டத்தில் 30 டிகிரியில் கிளம்பிய காற்று 1500 மீட்டர் ஆழத்தைத் தொடும்போது, பாறையின் சூடோ இயந்திரங்களின் சூடோ சேராமலே 45 டிகிரியை நெருங்கியிருக்கும். ஷாஃப்ட் சுவர் ஈரமாக இருந்தால் வெப்பமானி இவ்வளவு ஏறாது. ஆனால் சூடு காணாமல் போய்விடவில்லை. நீராவியாகக் காற்றுக்குள் ஒளிந்துகொண்டு, கீழே வேலை செய்பவரின் வியர்வை உலராமல் தடுக்கும்.

குளிர்நாட்டுச் சுரங்கங்களில் இதே ஷாஃப்டின் வாயில் நேர் எதிரான தொல்லை. மைனஸ் 20 டிகிரிக் காற்று உள்ளே நுழைந்தால் சுவரில் கசியும் நீர் பனிக்கட்டியாகத் தொங்கும். அது உடைந்து, ஆட்களை ஏற்றியிறக்கும் கூண்டின் மேல் விழுந்தால் உயிர் போகும். ஆகவே அங்கே குளிர்காலம் முழுக்க எரிவாயு எரித்துக் காற்றைச் சூடாக்குகிறார்கள். மேலே சூடாக்கி, அதே காற்றைக் கீழே போய்க் குளிர்விக்கும் சுரங்கங்களும் உண்டு.

பல ஆழ்சுரங்கங்களில் மின் நுகர்வின் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை காற்றோட்டமும் குளிர்விப்பும் எடுத்துக்கொள்கின்றன. இந்தச் செலவைக் குறைக்கும் வேலையைப் பலர் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். கீழே சூடு அதிகம் என்ற புகார் வந்ததும் சில்லருக்கு, அதாவது குளிர்விப்பு இயந்திரத்துக்கு, விலை கேட்கிறார்கள். என் வரிசை வேறு: முதலில் எண்ணுங்கள், பிறகு தடுங்கள், பிறகு காற்றை அளந்து விடுங்கள், பிறகு சுரங்கத்தையே சேமிப்புக் கிடங்காக்குங்கள். இயந்திரம் அதற்கும் பிறகு. கீழே நுழையவிட்ட ஒரு கிலோவாட் சூட்டுக்கு இரண்டு தடவை காசு கொடுக்கிறோம்: அதை உண்டாக்க ஒருமுறை, வெளியேற்ற இன்னொருமுறை.

படி 1: வெப்பத்துக்கு ஒரு கணக்குப் புத்தகம்

எங்கிருந்து எவ்வளவு சூடு வருகிறது என்று தெரியாமல் எதையும் வாங்காதீர்கள். சாதாரண வெப்பமானி மட்டும் போதாது. உலர்குமிழ் வெப்பநிலை (சாதாரண வெப்பமானி காட்டுவது), ஈரக்குமிழ் வெப்பநிலை (ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டுவது), காற்றழுத்தம், காற்றின் வேகம் ஆகிய நான்கையும் ஒவ்வொரு முக்கியச் சந்திப்பிலும் ஒரே ஷிஃப்டில் எடுத்தால்தான், ஒரு கிலோ காற்று எவ்வளவு வெப்பத்தைச் சுமக்கிறது என்று கணக்கிட முடியும். இரண்டு இடங்களுக்கிடையே அந்த அளவு எவ்வளவு ஏறியது என்று பார்த்து, காற்றின் நிறையோட்டத்தால் பெருக்குங்கள். நடுவில் எத்தனை கிலோவாட் புகுந்தது என்பது தெரிந்துவிடும்.

கணக்குப் பிடிபட, ஒரு மாதிரிச் சுரங்கத்தை எடுத்துக்கொள்வோம். ஆழம் 1500 மீட்டர், நொடிக்கு 300 கிலோ காற்று, அதாவது ஏறத்தாழ 250 கனமீட்டர். இனி வரும் எண்கள் எல்லாம் இதையொட்டியே.

காற்று தானாக அழுந்துவதால் வரும் சூடு: கிலோவுக்கு 14.7 கிலோஜூல், மொத்தம் 4.4 மெகாவாட். இதைத் தடுக்க முடியாது. ஆனால் கீழே அனுப்பும் காற்றைக் குறைத்தால் இதுவும் குறையும். இதை மனதில் வையுங்கள், படி 4-இல் திரும்ப வருவோம்.

பாறை: கண்டங்களின் மேலோட்டில் பொதுவாகக் கிலோமீட்டருக்கு 25 முதல் 30 டிகிரி ஏறும். தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் போன்ற பழம்பாறைப் பகுதிகளில் அது 10, 12 டிகிரிதான். அதனால்தான் ம்போனெங் தங்கச் சுரங்கத்தில் 4 கிலோமீட்டர் ஆழம் வரை மனிதர்களால் போக முடிகிறது. அங்கேயே பாறை 60 டிகிரியைத் தாண்டிவிடும். கோலார் தங்க வயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனபோது சந்தித்ததும் இந்த வகைச் சூட்டைத்தான். கனடாவின் சட்பரியில் 2 கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கும் ஸ்னோலேப் ஆய்வகத்தின் பாறைச் சுவர் 42 டிகிரி. உங்கள் சுரங்கத்தின் பாறை எவ்வளவு என்பதை அட்டவணையில் தேடாதீர்கள். பாறையை வெட்டி முன்னேறும் இடமான முகப்பில், புதிதாக உடைத்த பாறையில் ஆழமான துளையிட்டு, காற்று பட்டுக் குளிரும் முன்பே அளந்துகொள்ளுங்கள்.

டீசல் இயந்திரங்கள்: எஞ்சின் தண்டில் கிடைக்கும் வேலையைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு சூடு காற்றில் சேரும். ஒரு லிட்டர் டீசலில் சுமார் 10 கிலோவாட்-மணி வெப்பம் இருக்கிறது. எரியும்போது ஒரு லிட்டருக்கும் சற்று அதிகமான தண்ணீரும் நீராவியாக வெளிவரும்.

மின்விசிறிகள், பம்புகள், டிரான்ஸ்ஃபார்மர்கள்: மின்சாரமாக உள்ளே போனதில் பெரும்பகுதி சூடாக முடியும். பொருளை உயரத்துக்குத் தூக்கும் வேலை மட்டுமே விதிவிலக்கு.

வெந்நீர் ஊற்று: பலர் எழுத மறக்கும் வரி இது. நொடிக்கு 20 லிட்டர் நீர் 45 டிகிரியில் பாறையிலிருந்து கசிந்து, திறந்த வாய்க்காலில் ஓடி 30 டிகிரிக்கு ஆறுகிறது என்று வையுங்கள். அது காற்றுக்குக் கொடுத்த சூடு 1.25 மெகாவாட்.

உடைத்த தாது: ஒரு நாளில் 5000 டன் தாது 45 டிகிரியிலிருந்து 30-க்கு ஆறினால், சராசரியாக 740 கிலோவாட் அளவில் காற்றில் சேர்கிறது.

இந்தக் கணக்கை வென்ட்சிம் போன்ற சுரங்கக் காற்றோட்ட மென்பொருளில் ஏற்றுவது நல்லதுதான். ஆனால் முதலில் ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். கணினி சொல்லும் எண் தப்பாக இருந்தால் உடனே உறுத்த வேண்டும். அந்த உறுத்தல் கைக்கணக்குப் போட்டவருக்குத்தான் வரும்.

படி 2: எங்கே, எவ்வளவு குளிர்ச்சி என்று வரையறுங்கள்

சுரங்கம் முழுவதையும் ஒரே வெப்பநிலையில் வைக்க முயல்வது வீண். மனிதர்கள் உடல் உழைப்புச் செய்யும் இடம், வெறுமே கடந்துபோகும் வழி, குளிரூட்டிய கேபினுக்குள் இருந்து இயந்திரம் ஓட்டும் இடம், யாருமே போகாத வெளியேற்று வழி என்று வரைபடத்தில் நான்கு நிறம் தீட்டுங்கள்.

எல்லையை ஈரக்குமிழ் வெப்பநிலையில் சொல்வதே வழக்கம், ஏனென்றால் வியர்வை உலருமா என்பதை அதுதான் காட்டும். தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் 27.5 டிகிரி ஈரக்குமிழைத் தொட்டால் வெப்ப அழுத்த மேலாண்மை தொடங்க வேண்டும். இந்திய நிலக்கரிச் சுரங்க விதிகள் 33.5 டிகிரியை உச்ச வரம்பாக வைக்கின்றன, 30.5-ஐத் தாண்டினால் காற்றின் வேகம் நொடிக்கு 1 மீட்டருக்குக் குறையக் கூடாது என்கின்றன. இந்த இரண்டாவது நிபந்தனையைக் கவனியுங்கள். வேகமும் ஒரு குளிர்விப்புதான். தேங்கி நிற்கும் 28 டிகிரியைவிட, முகத்தில் வீசும் 29 டிகிரி உடம்புக்கு இதம்.

ஆற்றலைச் சேமிக்கிறோம் என்று சொல்லி இந்த எல்லையில் ஒருபோதும் கை வைக்காதீர்கள். வெப்பத்தாக்கு வந்தவர் முதலில் தடுமாறுவார், பிறகு தவறான முடிவெடுப்பார், பிறகுதான் விழுவார். சேமிப்பைத் தேட வேறு எத்தனையோ இடங்கள் இருக்கின்றன.

படி 3: சூடு காற்றைத் தொடும் முன் தடுங்கள்

மிக மலிவான குளிர்ச்சி இந்தப் படியில்தான் கிடைக்கும். அதிலும் முதல் வேலை வெந்நீர். மேலே கண்ட 1.25 மெகாவாட்டை நீக்கத் தேவை ஒரு குழாயும் மூடிய வாய்க்காலும்தான். ஊற்றின் வாயிலேயே நீரைப் பிடித்து, காப்பிட்ட குழாயில் செலுத்தி, முடிந்தால் வெளியேற்று வழி வழியாகவே மேலேற்றுங்கள். இதைச் செய்யாமல் 1.25 மெகாவாட் குளிர்விப்பு இயந்திரத்தை வாங்கி வைப்பது, ஓட்டைப் பானைக்கு மேலும் மேலும் நீர் ஊற்றுவதுதான்.

அடுத்தது தாதுவின் பாதை. கன்வேயரையும் லாரிப் பாதையையும் உள்வரும் காற்று வழியில் வைத்தால் தாதுவின் சூடு முழுக்கத் தொழிலாளர் மேல் வீசும். வெளியேறும் காற்று வழியில் வைத்தால் அந்தச் சூடு யாரையும் தொடாமல் போய்விடும். புதுச் சுரங்கத்தில் இது தாளில் ஒரு கோட்டை நகர்த்தும் வேலை. தோண்டி முடித்த பிறகு ஏறக்குறைய முடியாத வேலை. டிரான்ஸ்ஃபார்மர், பம்பு அறை, கம்ப்ரஸர் ஆகியவற்றுக்கும் இதே விதிதான்: அவற்றைக் கடந்த காற்று நேராக வெளியேற்று வழிக்குப் போகட்டும்.

பாறைச் சுவரும் நாளாக ஆக ஆறும். காற்றைத் தொட்டு நிற்கும் மேல்தோல் குளிர்ந்து, உள்ளே இருக்கும் சூட்டுக்குத் தானே தடுப்பாகிவிடும். ஆகவே புதுச் சுரங்கவழிதான் அதிகம் சுடும். அதிக நீளத்துக்குப் புதுப் பாறையைத் திறந்து வைக்காமல், தேவையான அளவு மட்டும் முன்னேறுங்கள். வேலை முடிந்த குடைவறைகளை நிரப்பி மூடினால் காற்று தொடும் பாறைப் பரப்பு குறையும். சிமென்ட் கலந்த நிரப்புப் பொருள் இறுகும்போது கொஞ்ச நாள் சூட்டை வெளிவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

டீசலிலிருந்து மின்சாரத்துக்கு மாறுவது இந்தப் படியின் பெரிய முடிவு. நம் மாதிரிச் சுரங்கத்தில் டீசல் வண்டிகள் சராசரியாக 2 மெகாவாட் வேலை செய்கின்றன என்றால் அவை தரும் சூடு 6 மெகாவாட். அதே வேலையைப் பேட்டரி வண்டிகள் செய்தால் அதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். கனடாவின் ஒன்டாரியோவில் 2019-இல் முழு உற்பத்திக்கு வந்த போர்டன் தங்கச் சுரங்கம் நிலத்தடியில் மின் வண்டிகளை மையமாக வைத்தே திட்டமிடப்பட்டது. பேட்டரி விலையையும் டீசல் விலையையும் மட்டும் ஒப்பிட்டு இந்த முடிவை எடுக்காதீர்கள். வாங்கத் தேவைப்படாமல் போகும் விசிறி, சிறிதாகும் ஷாஃப்ட், குறையும் குளிர்விப்பு எல்லாம் சேர்ந்ததுதான் உண்மையான ஒப்பீடு. சார்ஜ் செய்யும் இடங்களில் சூடு குவியும். தீத்தடுப்பும் வேறு மாதிரி வேண்டும். சார்ஜிங் அறையையும் வெளியேற்று வழிக்குப் பக்கத்தில் வைப்பதே சரி.

படி 4: காற்றை அளந்து விடுங்கள்

சுரங்கத்தின் காற்றுத் தடையை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: அழுத்தம் காற்றோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். அட்கின்சன் 1854-இல் வகுத்துத் தந்த சமன்பாடு இது. மின்திறன் என்பது அழுத்தமும் ஓட்டமும் பெருக்கியது. ஆகவே அது ஓட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப உயரும். நம் சுரங்கத்தில் 250 கனமீட்டரை 4 கிலோபாஸ்கல் அழுத்தத்தில், 75 விழுக்காடு திறனில் தள்ள 1.33 மெகாவாட் வேண்டும். ஓட்டத்தை 200 கனமீட்டராகக் குறைத்தால் 0.68 மெகாவாட் போதும். ஐந்தில் ஒரு பங்கு காற்றைக் குறைத்தோம், ஏறக்குறைய பாதி மின்சாரம் மிஞ்சியது. அதோடு, கீழே போகாத ஒவ்வொரு கிலோ காற்றுக்கும் அந்த 14.7 கிலோஜூல் சூடும் இல்லை.

ஆனால் எந்தக் காற்றைக் குறைப்பது? இங்கேதான் பொறுமை வேண்டும்.

முதலில் கசிவு. ஷாஃப்ட் அருகே இருக்கும் பழைய கதவுகள், விரிசல் விட்ட தடுப்புச் சுவர்கள், மூடாமல் விட்ட பழைய வழிகள் வழியாக உள்வரும் காற்று நேரே வெளியேற்று வழிக்குக் குறுக்கே ஓடிவிடும். மேலிருந்து கிளம்பிய காற்றில் எவ்வளவு வேலை முகப்புக்கு வந்து சேர்கிறது என்று அளந்தவர்கள் பலர் அதிர்ந்திருக்கிறார்கள். கதவைச் சீர்செய்வது பெருமையான வேலையாகத் தெரியாது. ஆனால் இதைவிட வேகமாகப் பணத்தைத் திருப்பித் தரும் முதலீடு இந்த வழிகாட்டியிலேயே இல்லை.

இரண்டாவது, முகப்புக்குக் காற்று கொண்டுபோகும் துணிக்குழாய்கள். ஒரே ஓட்டத்துக்குக் குழாயின் அழுத்த இழப்பு விட்டத்தின் ஐந்தாம் மடிக்குத் தலைகீழாக மாறும். 1 மீட்டர் விட்டத்தை 1.2 மீட்டராக்கினால் இழப்பு 40 விழுக்காடாகக் குறைந்துவிடும். கிழிசலைத் தைப்பது, வளைவைக் குறைப்பது, தொங்கும் குழாயை இழுத்துக் கட்டுவது எல்லாம் இதே கணக்கில் சேரும். உள்ளே ஓடும் விசிறியின் அழுத்தம் ஒவ்வொரு கிலோபாஸ்கலுக்கும் அதன் வழியே போகும் காற்றை 1 டிகிரிக்குச் சற்று மேல் சூடாக்கும். இரண்டு கிலோபாஸ்கல் துணை விசிறி, வேலை செய்பவருக்கு வரும் காற்றை வழியிலேயே 2 டிகிரி சூடாக்கிவிட்டுத்தான் அனுப்புகிறது. முதன்மை விசிறியைத் தரைமட்டத்தில், வெளியேற்றும் பக்கம் வைப்பதில் இருக்கும் நன்மையும் இதுவே. அதன் சூடு வானத்துக்குப் போகும்.

மூன்றாவதாகத்தான் தேவைக்கேற்ற காற்றோட்டம். டீசல் வண்டி ஓடும் சுரங்கங்களில் ஒரு கிலோவாட் எஞ்சின் திறனுக்கு நொடிக்கு 0.06 கனமீட்டர் காற்று என்பது ஒன்டாரியோவின் அளவுகோல். வண்டி எங்கே இல்லையோ அங்கே அந்தக் காற்று வீண். இதைப் படிப்படியாகச் செய்யுங்கள். முதலில் நேர அட்டவணை: ஆளில்லாத பகுதியின் துணை விசிறி நிற்கட்டும். பிறகு வண்டிகளிலும் ஹெல்மெட் விளக்குகளிலும் அடையாளக் கருவி: யார், எது, எங்கே என்பதைப் பொறுத்து விசிறி வேகம் மாறட்டும். கடைசியாகத்தான் வாயு, புகைத்துகள், ஈரக்குமிழ் அளவிகளை வைத்துத் தானியங்கிக் கட்டுப்பாடு. அளவி பழுதானால் விசிறி முழு வேகத்துக்குப் போக வேண்டும், நிற்கக் கூடாது. வெடி வைத்த பிறகு புகை கலையும் வரை எந்தத் தானியங்கியும் குறுக்கிடக் கூடாது. இந்த இரண்டையும் எழுத்தில் வைத்துவிட்டு மேலே போங்கள்.

பழைய முதன்மை விசிறிகளின் ஓட்டத்தைத் தடுப்புப் பலகை வைத்துக் குறைப்பது, பிரேக்கை மிதித்துக்கொண்டே வண்டி ஓட்டுவதற்குச் சமம். வேகக் கட்டுப்பாட்டு டிரைவ் வையுங்கள்.

படி 5: சுரங்கத்தையே வெப்பக் கிடங்காக்குங்கள்

எனக்கு மிகப் பிடித்த பகுதி இது. பாறை சூட்டைத் தருவது மட்டுமல்ல, வாங்கி வைத்துக்கொள்ளவும் செய்யும்.

சட்பரியின் கிரெய்டன் சுரங்கத்தில் பழைய வேலைகளுக்கு மேலே உடைந்த பாறைக் குவியல் ஒன்று பெரும் பரப்பில் கிடக்கிறது. உள்வரும் காற்றை அதன் இடுக்குகள் வழியாக இழுக்கிறார்கள். குளிர்காலத்தில் உறைநிலைக் காற்று பாறையிடமிருந்து சூடு வாங்கிக்கொண்டு இறங்குகிறது, பாறை குளிர்கிறது. கோடையில் வெப்பக் காற்று அந்தக் குளிர்ந்த பாறையில் சூட்டை இறக்கிவிட்டுப் போகிறது. எரிவாயுவும் இல்லை, குளிர்விப்பு இயந்திரமும் இல்லை. 2 கிலோமீட்டருக்கும் அதிக ஆழமுள்ள ஒரு சுரங்கம் பல பத்தாண்டுகளாக இதை நம்பி ஓடியிருக்கிறது.

இதன் அளவைக் கணக்கிடுவது எளிது. பத்து லட்சம் டன் பாறை 10 டிகிரி மாறினால் ஏறத்தாழ 22 லட்சம் கிலோவாட்-மணி வெப்பம் கைமாறும்.

அதே சட்பரியில் ஸ்டோபி சுரங்கத்தில் இன்னொரு வழி கண்டார்கள். தாது எடுத்து முடித்த பெரிய குடைவறைக்குள் குளிர்காலத்தில் தண்ணீரைத் தெளித்தார்கள். நீர் உறையும்போது வெளிவிடும் வெப்பம் உள்வரும் காற்றைச் சூடாக்கியது. அறை நிறைய பனிக்கட்டி சேர்ந்தது. கோடையில் அதே பனிக்கட்டி உருகிக் காற்றைக் குளிர்வித்தது. ஒரு டன் நீர் உறைந்தால் 93 கிலோவாட்-மணி. லட்சம் டன் என்றால் 93 லட்சம்.

உங்கள் இடத்தில் இது பொருந்துமா என்று பார்க்க நான்கு கேள்விகள். குளிர்காலம் உண்மையிலேயே நீண்டதா? பாறைக் குவியலின் காற்றுத்தடை குறைவாக இருக்கிறதா, அல்லது விசிறிச் செலவில் சேமிப்பெல்லாம் கரைந்துவிடுமா? அந்தக் குவியலில் கதிரியக்கமுள்ள ரேடான் போன்ற தீங்கான வாயுக்கள் இருக்கின்றனவா? கூரைப்பாறை உறுதியானதா? கடைசி இரண்டில் ஒன்றுக்குச் சந்தேகமான பதில் வந்தாலும் திட்டத்தைக் கைவிடுங்கள்.

குளிர்காலமே இல்லாத நாட்டிலும் இதன் சிறிய வடிவம் உண்டு. இரவில் காற்று குளிர்ந்திருக்கும், மின்சாரமும் பெரும்பாலும் மலிவு. அப்போது சில்லரை ஓட்டிக் காப்பிட்ட தொட்டியில் குளிர்நீரை நிரப்பி, பகல் உச்ச நேரத்தில் செலவழிக்கலாம். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்கள் தங்கள் குளிர்நீர்த் தேக்கங்களை இப்படிப் பயன்படுத்துகின்றன.

படி 6: இயந்திரம் வாங்கும் நேரம்

இவ்வளவும் செய்தபின் மிஞ்சும் சூடுதான் சில்லரின் உண்மையான அளவு. சுரங்கத்தை இயந்திரத்தால் குளிர்விக்கும் முயற்சி பிரேசிலின் மோரோ வெல்யோவில் 1920 வாக்கில் தொடங்கியது. அன்றிலிருந்து இன்றுவரை தீராத கேள்வி, இயந்திரத்தை மேலே வைப்பதா கீழே வைப்பதா என்பதே.

மேலே வைத்தால் பராமரிப்பு எளிது, சூட்டை வெளிக்காற்றில் கொட்டலாம், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஐந்து யூனிட்டோ அதற்கு மேலோ குளிர்ச்சி கிடைக்கும். குறை: குளிர்ந்த காற்று வேலை இடத்தைச் சேர்வதற்குள் வழிநெடுகச் சூட்டை வாங்கிக்கொள்ளும். கீழே வைத்தால் குளிர்ச்சி தேவைப்படும் இடத்திலேயே கிடைக்கும். ஆனால் இயந்திரம் உமிழும் சூட்டை வெளியேறும் காற்றில்தான் தள்ள வேண்டும். அந்தக் காற்று ஏற்கெனவே சூடும் ஈரமுமாக இருப்பதால் இயந்திரம் திணறும். இயந்திரத்துக்குள் சுழலும் குளிர்பொருள் ஆவியாகும் வெப்பநிலைக்கும் அது மீண்டும் நீர்மமாகும் வெப்பநிலைக்கும் இடையே உள்ள இடைவெளி ஒவ்வொரு டிகிரி விரியும்போதும் மின்செலவு 2, 3 விழுக்காடு கூடும்.

நடைமுறையில் நான் பரிந்துரைக்கும் வரிசை: முதலில் மேலே மொத்தக் காற்றையும் குளிர்விக்கும் தெளிப்பு அறை, அதையும் கோடைக்கு மட்டும். ஆழம் கூடக் கூட, கீழே வேலைப்பகுதியின் வாயிலில் இரண்டாவது குளிர்விப்பு. முகப்பில் சிறு குளிர்விப்பான்கள் கடைசி. ஓட்டுநருக்குக் குளிரூட்டிய கேபினும், கடும் இடத்தில் நிற்பவருக்குப் பனிக்கட்டி வைத்த மேலங்கியும் கொடுத்தால், ஆயிரக்கணக்கான கனமீட்டர் காற்றைக் குளிர்விக்காமல் ஒரு மனிதரை மட்டும் குளிர்விக்க முடியும்.

படி 7: குளிர்நீர் கீழே போய்த் திரும்பும் கணக்கு

ஆழ்சுரங்கத்தில் ஏமாற்றும் செலவு இது. மேலே குளிர்வித்த நீரை நொடிக்கு 100 லிட்டர் 1500 மீட்டர் கீழே அனுப்பி, 15 டிகிரி சூடேற்றித் திருப்பினால் கிடைக்கும் குளிர்ச்சி 6.3 மெகாவாட். ஆனால் விழும் நீரின் ஆற்றலை அழுத்தக் குறைப்பு வால்வில் வீணாக்கினால் நீர் 3.5 டிகிரி சூடாகும், 1.5 மெகாவாட் குளிர்ச்சி அங்கேயே போயிற்று. மீண்டும் மேலேற்ற 2 மெகாவாட் பம்பு மின்சாரம் வேறு.

வால்வு இருக்கும் இடத்தில் பெல்டன் சக்கரம் வையுங்கள். விழும் நீர் அதைச் சுழற்றும். முக்கால் பங்கு ஆற்றல் மின்சாரமாகத் திரும்பும், நீரும் அந்த அளவுக்குக் குளிராகவே இருக்கும். ஒரே கருவியில் இரட்டை ஆதாயம். அதையும் தாண்டியது மூன்று அறைக் குழாய் அமைப்பு: இறங்கும் குளிர்நீரின் அழுத்தமே ஏறும் வெந்நீரைத் தள்ளும், பம்பு உராய்வு இழப்பை மட்டும் ஈடுசெய்தால் போதும். வால்வுகளின் பராமரிப்பு கடினம், ஆகவே நல்ல பணிமனை உள்ள சுரங்கத்துக்கே இது ஏற்றது.

இன்னும் ஆழத்தில் பனிக்கட்டி. ஒரு கிலோ பனிக்கட்டி உருகவே 334 கிலோஜூல் விழுங்கும். உருகிய நீர் 20 டிகிரிக்கு ஏற இன்னும் 84. மேற்கண்ட 6.3 மெகாவாட்டுக்கு 100 லிட்டர் நீர் தேவைப்பட்ட இடத்தில், நொடிக்கு 15 கிலோ பனிக்கட்டி போதும். திரும்ப மேலேற்ற வேண்டியதும் அவ்வளவே. ம்போனெங் பனிக்கட்டியை நம்பியிருப்பது இதனால்தான். பனிக்கட்டி செய்ய அதிக மின்சாரம் வேண்டும் என்பதால், பம்புச் செலவு அதை மிஞ்சும் ஆழத்தில் மட்டுமே இது கட்டுப்படியாகும். 1500 மீட்டரில் ஆசைப்படாதீர்கள்.

படி 8: குளிர்காலச் சூடாக்கம்

நம் மாதிரிச் சுரங்கத்தின் காற்றை மைனஸ் 20-இலிருந்து பிளஸ் 3 டிகிரிக்கு உயர்த்த 6.9 மெகாவாட் வேண்டும். ஒவ்வொரு டிகிரிக்கும் 300 கிலோவாட். பல இடங்களில் பயத்தால் 3 என்பதை 6, 7 என்று வைத்துவிடுவார்கள். ஷாஃப்டுக்குள் சரியான இடத்தில் நல்ல அளவி வைத்து, காற்று நன்றாகக் கலக்கிறதா என்று உறுதி செய்தால் இந்த அச்சத்துக்கு இடமில்லை. ஷாஃப்ட் சுவரின் நீர்க்கசிவைச் சிமென்ட் செலுத்தி அடைத்தால், பனிக்கட்டி உருவாகக் காரணமே குறையும். ஆண்டு முழுக்க உறைந்தே கிடக்கும் நிலைபனிப் பாறையில் தோண்டிய சுரங்கத்தில் காற்றைச் சூடாக்குவதற்கு முன் இருமுறை யோசியுங்கள்; பாறையைப் பிடித்து வைத்திருப்பதே அந்தப் பனிதான்.

பிறகு, தூக்கி எறியும் சூட்டைப் பிடியுங்கள். சுரங்கத்திலிருந்து வெளியேறும் காற்று குளிர்காலத்திலும் 12 டிகிரியில், ஈரம் நிறைந்து வரும் என்று கொள்வோம். அதை 4 டிகிரிக்குக் குளிர்வித்தால் ஈரமும் நீராகி, கிலோவுக்கு 17 கிலோஜூலுக்கு மேல் கிடைக்கும்: மொத்தம் 5.2 மெகாவாட். தேவைப்பட்ட 6.9-இல் நான்கில் மூன்று பங்கு, ஷாஃப்டின் வாயிலிருந்து வெண்புகையாகப் போய்க்கொண்டிருக்கிறது. 12 டிகிரிச் சூட்டால் காற்றை உறைநிலைக்கு அருகில் வரை நேரடியாகக் கொண்டுவரலாம். மீதியைச் சிறு பர்னரோ, குறைந்த சூட்டை மின்சாரத்தால் உயர்த்தித் தரும் ஹீட் பம்போ பார்த்துக்கொள்ளும்.

இங்கே இரண்டு எச்சரிக்கை. வெளியேறும் காற்றில் தூசியும் டீசல் கரியும் இருக்கும். மெல்லிய தகடுகள் கொண்ட வெப்பமாற்றியை நேரே வைத்தால் சில வாரங்களில் அடைத்துக்கொள்ளும். நீர் தெளிக்கும் அறையில் காற்றைக் கழுவி, அந்த நீரின் சூட்டைத் தகட்டு வெப்பமாற்றி வழியே எளிதில் உறையாத கிளைக்கால் (glycol) கரைசலுக்கு மாற்றி, உள்வரும் பக்கம் கொண்டுபோவதே நீடிக்கும் வழி. இரண்டாவது, உள்வரும் பக்கம் வைக்கும் சுருள் ஆண்டு முழுக்கக் காற்றைத் தடுக்கும். 100 பாஸ்கல் தடை என்றாலும் 33 கிலோவாட் இரவும் பகலும் போகும். கோடையில் திறந்துவிட மாற்றுக் கதவு கட்டாயம்.

கம்ப்ரஸர் அறையை மறக்காதீர்கள். அது எடுக்கும் மின்சாரத்தில் பெரும்பங்கு சூடாகத்தான் வெளியே வருகிறது. அதைத் தொழிலாளர் குளிக்கும் வெந்நீருக்கும் உடைமாற்றும் அறைக்கும் கொடுத்துவிட்டு, மிஞ்சியதை ஷாஃப்ட் காற்றுக்கு அனுப்பலாம். சொந்த டீசல் மின்நிலையம் வைத்திருக்கும் ஒதுக்குப்புறச் சுரங்கங்களுக்கு இன்னும் வசதி: எஞ்சின் புகைக்குழாயிலும் குளிர்விப்பு நீரிலும் போகும் சூடு, ஷாஃப்டைச் சூடாக்கவே போதுமானதாக இருக்கலாம்.

படி 9: ஓட்டும்போது கவனிக்க வேண்டியவை

ஒரு கனமீட்டர் காற்றுக்கு எத்தனை கிலோவாட், ஒரு கிலோவாட் குளிர்ச்சிக்கு எவ்வளவு மின்சாரம், வேலை முகப்புக்கு வந்து சேரும் காற்றின் பங்கு. இந்த மூன்றையும் வாரம் ஒருமுறை சுவரில் எழுதிப் போடுங்கள், கீழே வேலை செய்பவர்களும் பார்க்கும் இடத்தில். கிழிந்த குழாயை முதலில் பார்ப்பது அவர்கள்தான். எண் எப்படி நகர்கிறது என்று தெரிந்தால் சொல்வார்கள். சில்லர் திறன் மெல்லச் சரிந்தால் பெரும்பாலும் காரணம், சூட்டை வெளியேற்றும் கண்டென்சரின் குழாயில் படிந்த படிவு. தெளிப்பு முனைகள் அடைத்திருந்தாலும் அதே அறிகுறி.

சுரங்கம் நகர்ந்துகொண்டே இருக்கும். இந்த ஆண்டு சரியாக இருந்த தடுப்புக் கதவு அடுத்த ஆண்டு தவறான இடத்தில் நிற்கும். ஆகவே படி 1-இன் அளவெடுப்பை ஆண்டுக்கு இருமுறை, கோடை உச்சத்தில் ஒன்றும் குளிர்கால அடியில் ஒன்றுமாக, முதலிலிருந்து செய்யுங்கள்.

படி 10: மூடும் திட்டத்தில் சேர்க்க வேண்டிய ஒரு பக்கம்

பம்புகள் நின்றதும் சுரங்கத்தில் நீர் நிறையும், பாறை அதைச் சூடாக வைத்திருக்கும். கனடாவின் ஸ்பிரிங்ஹில்லில் கைவிட்ட நிலக்கரிச் சுரங்க நீரைக் கொண்டு 1980-களின் இறுதியிலிருந்தே ஹீட் பம்ப் வழியாகக் கட்டடங்களைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் செய்கிறார்கள். நெதர்லாந்தின் ஹேர்லனில் 2008-இல் இதே முறை தொடங்கியது. ஆழக் கிணற்றிலிருந்து 28 டிகிரி நீர் சூடாக்கவும், மேல் கிணற்றிலிருந்து 16 டிகிரி நீர் குளிர்விக்கவும் கிடைத்தது. அங்கே சுரங்கம் மூடிப் பல ஆண்டுகளுக்குப் பிறகு, நிலத்துக்கு மேலிருந்து பழைய வழிகளைக் குறிபார்த்துத் துளையிட வேண்டியிருந்தது. ஷாஃப்டை அடைக்கும் முன்பே வெவ்வேறு ஆழங்களுக்கு நான்கைந்து உறுதியான குழாய்களை இறக்கி, மேலே அவற்றின் வாயை மூடி, எந்தக் குழாய் எந்த மட்டத்தைத் தொடுகிறது என்பதை இறுதி வரைபடத்தில் குறித்துவைத்தால், அந்தத் துளையிடும் செலவு பின்னால் வருபவர்களுக்கு இருக்காது.